ஐந்தரை மணிப் பேருந்து

போன வாரம் திருச்சியில் ஒரு மண்டலக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். திருச்சி, பெரம்பலூர், அரியலூர், கரூர், புதுக்கோட்டை என ஐந்து மாவட்டங்களில் குழந்தைகளுக்காகவும் வளரிளம் பருவத்தினருக்காகவும் வேலை செய்கிறவர்களை ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்துப் பாராட்டும் கூட்டம். அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், ஆசிரியர்கள், சிறப்புப் பயிற்றுநர்கள், குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்கள், காவல்துறையினர், தொண்டு நிறுவனத்தார் என்று மண்டபம் நிறைந்திருந்தது. அரசுப் பள்ளிகளிலிருந்து மாணவ மாணவியரும் வந்திருந்தார்கள்.

அமைப்பாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். வழக்கமாக இப்படிப்பட்ட விழாக்களில் துறைக்கு ஒருவர் என்று பெயர் வாசிப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள். இங்கே ஒரு குழந்தையின் விஷயத்தில் யார் யாரெல்லாம் கைகொடுத்தார்களோ அத்தனை பேரையும் சேர்த்து மேடைக்கு அழைத்தார்கள். அந்தக் குழந்தையை மட்டும் அழைக்கவில்லை. பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவில் சொல்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் அந்தக் கண்ணியத்தைக் காப்பாற்றியதற்காக அமைப்பாளர்களை மனதாரப் பாராட்டுகிறேன். தனக்குச் செய்த உதவிக்காக மேடையில் நின்று கைகூப்பும் நிலைமை எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது.

திருச்சிக்கு இந்தக் கூட்டம் பொருத்தமானது. இந்த நகரத்தை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில்தான் 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதற்கும் முன்னால், 1956-இல் எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கிய மதிய உணவு இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவும் சேர்ந்தது. குழந்தையின் தட்டில் சோறு விழ வேண்டுமென்றால் அரிசியை ஒரு துறை அனுப்ப வேண்டும், இன்னொரு துறை சமையலுக்கு ஆள் போட வேண்டும், பள்ளி இடம் கொடுக்க வேண்டும், ஊர் கண்காணிக்க வேண்டும். கிராமங்களில் காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். கூட்டு முயற்சி என்ற பெயரை யாரும் சூட்டாமலே இந்த மாநிலம் பல காலமாகச் செய்துவரும் கூட்டு முயற்சி இது.

மேடையேறியவர்களில் ஒரு குழுவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டே கால் வயதுப் பெண் குழந்தை. அங்கன்வாடியில் எல்லாப் பிள்ளைகளும் தட்டுச் சத்தம் கேட்டால் ஓடி வருவார்கள். இவள் மட்டும் மற்ற பிள்ளைகள் எழுந்து ஓடுவதைப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பாள். இதை முதலில் கவனித்தவர் அங்கன்வாடி டீச்சர். தாயிடம் சொன்னார். “எங்க வீட்டுக்காரரும் நாலு வயசுலதான் பேசினாராம் டீச்சர்” என்று தாய் பதில் சொன்னார். டீச்சர் வாக்குவாதம் செய்யவில்லை. குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று கரண்டியால் தட்டைத் தட்டிக் காண்பித்தார். குழந்தை திரும்பவில்லை. தாய் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாராம்.

அடுத்த வாரம் நடமாடும் மருத்துவக் குழு வந்தது. தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் 2013-லிருந்து இந்தக் குழுக்கள் ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிகளுக்கும் ஒரு முறை பள்ளிகளுக்கும் போகின்றன. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் இந்த நான்கையும் பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை தேடிப் பார்ப்பதுதான் அந்தத் திட்டத்தின் வேலை. மருத்துவர் குழந்தையைத் திருச்சி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் இல்லை என்று பரிசோதனை சொன்னது. தாயும் தந்தையும் நெருங்கிய சொந்தம். சொந்தத்துக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் பிறவிக் காது கேளாமை கூடுதலாக இருப்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் அதைச் சொல்லிக் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அடுத்து என்ன செய்யலாம் என்று மட்டும் பேசியிருக்கிறார் கிராம சுகாதார செவிலியர். அது பெரிய பக்குவம்.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை உண்டு. வெளியில் செய்தால் லட்சக்கணக்கில் ஆகும். அந்தக் குழந்தைக்குச் செலவில்லாமல் முடிந்தது. பத்திரிகைகளில் இப்படிப்பட்ட செய்திகள் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகின்றன.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். கருவி பொருத்திய மறுநாளே குழந்தை பேசிவிடாது. இதுவரை ஒலியே அறியாத மூளைக்கு, இது அம்மாவின் குரல், இது நாய் குரைப்பது, இது கதவு சாத்துவது என்று ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். அதற்குப் பயிற்சி இருக்கிறது. வாரா வாரம் போக வேண்டும், மாதக்கணக்கில் போக வேண்டும். வீட்டிலும் தாய் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை வெற்றியாகி, பயிற்சி நின்றுபோனதால் கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இந்தக் குடும்பம் சின்ன வெங்காயம் அறுக்கவும் களை பறிக்கவும் கூலிக்குப் போகும் குடும்பம். தாய் ஒரு நாள் திருச்சி போனால் அன்றைய கூலி போச்சு. மூத்த பையனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஆளில்லை. மூன்றாவது மாதமே பயிற்சிக்குப் போவது நின்றுவிட்டது. அப்போது டீச்சர் தன் நோட்டைப் பிரித்தார். எடை, உயரம் எழுதும் பதிவேடு அல்ல. சொந்தமாக வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு. அதில் அவர் எழுதியிருந்ததை மேடையில் வாசித்தார்: “செவ்வாய் பயிற்சிக்குப் போகல. போன செவ்வாயும் போகல. நர்சம்மாகிட்ட சொல்லணும்.” சொன்னார். நர்சம்மா வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரிடம் சொன்னார். அவர் வாரம் ஒரு நாள் வீட்டுக்கே வந்து, தாயையும் பாட்டியையும் உட்காரவைத்துப் பழக்க ஒப்புக்கொண்டார். தலைமையாசிரியர் மூத்த பையனைச் செவ்வாய்க்கிழமைகளில் மாலை வரை பள்ளியிலேயே வைத்துக்கொண்டார். பயண அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி. ஒன்றரை வருடம் கழித்து அந்தக் குழந்தை முதலில் கூப்பிட்டது அம்மாவை அல்ல, “ஆயா” என்று பாட்டியை. வீட்டில் அதிகம் பேசியது அவர்தானே.

இப்படி ஒருவருக்கொருவர் சொல்லிச் சேர்த்ததற்கு அரசாணை எதுவும் காரணமில்லை. இந்தப் பெண்கள் ஒருவரையொருவர் கைபேசியில் அழைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. குழந்தையை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை, எந்த ஆய்வுக் கூட்டத்திலும் கேட்கப்படுவதில்லை. அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்கன்வாடிப் பணியாளருக்கு இன்னும் முழுமையான காலமுறை ஊதியம் இல்லை, சிறப்புக் காலமுறை ஊதியம்தான். பணியிடம் காலியாக இருந்தால் பக்கத்து ஊர் மையமும் அவர் தலையில் கூடுதல் பொறுப்பாக வந்து விழுகிறது. இரண்டு மையங்களை ஒரே ஆள் பார்த்தால், தட்டுச் சத்தத்துக்கு எந்தப் பிள்ளை திரும்பவில்லை என்று யார் கவனிப்பது? பொன்னாடை போர்த்திய கையோடு அந்தக் காலியிடங்களை நிரப்புங்கள் என்று மேடையில் இருந்த அதிகாரிகளை நான் கேட்டுக்கொள்கிறேன்.

மதியத்துக்கு மேல் மாணவர்கள் பேசினார்கள். உரைகள் நீண்டதால் அவர்களுக்குக் கிடைத்த நேரம் குறைவு. அடுத்த முறை காலையிலேயே அவர்களைப் பேசவைக்க வேண்டும். குழந்தைத் திருமணம், கைபேசி, கழிப்பறை, விளையாட்டுத் திடல் என்று பலதைத் தொட்டார்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எங்க ஊருக்கு அஞ்சரை மணி பஸ் ஒண்ணுதான். அதை விட்டா எட்டு மணிக்குத்தான். ஸ்பெஷல் கிளாஸ் ஆறு மணிக்கு முடியுது. பாதியிலேயே கிளம்பினா சார் திட்டுறாங்க, எட்டு மணி பஸ்ல போனா வீட்டுல திட்டுறாங்க. போன வருஷம் என்கூட படிச்ச ரெண்டு பேரை இதனாலயே நிப்பாட்டிட்டாங்க. இதை யாருகிட்ட சொல்லணும்?”

மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்வித் துறை இருந்தது, சுகாதாரம் இருந்தது, சமூக நலம் இருந்தது, காவல்துறை இருந்தது. போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஒருவரும் இல்லை. அழைக்கவே இல்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒருவர் மட்டும் கேள்வியைக் குறித்துக்கொண்டு, கிளை மேலாளரிடம் பேசுவதாக உறுதி சொன்னார்.

அந்தக் கேள்விதான் அன்றைக்கு நடந்தவற்றிலேயே முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். குழந்தைகள் நலம் என்றதும் பெயரில் குழந்தை என்ற சொல் இருக்கும் துறைகளையே கூப்பிடுகிறோம். ஆனால் அந்த மாணவியின் படிப்பைத் தீர்மானிப்பது ஒரு பேருந்தின் நேரம். துறையூர்க் குழந்தையின் பேச்சைத் தடுத்ததும் பயணம்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் எத்தனையோ தாய்மார்களால் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்திருக்கிறது, எத்தனையோ பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். துறையூரிலிருந்து திருச்சிக்குப் போகும் புறநகர்ப் பேருந்துக்கு அது பொருந்தாது. நேரத்துக்கு வராத பேருந்து இலவசமாக இருந்தும் பயனில்லை. தெருவிளக்கு, குடிநீர், டாஸ்மாக் கடை இருக்கும் இடம் இவையும் இப்படித்தான். மாலையில் ஒரு பெண் பிள்ளை அந்த வழியே நடக்கலாமா கூடாதா என்பதை இவையே முடிவு செய்கின்றன. மின்வாரியப் பொறியாளரையும் ஊராட்சிச் செயலரையும் குழந்தைகள் நலக் கூட்டத்துக்கு அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

துறைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டணி அமைத்தால் இந்த ஓட்டை இருந்துகொண்டேதான் இருக்கும். குழந்தை காலையில் எழுந்து இரவு தூங்கப் போகும் வரை யார் யார் கையைக் கடந்து போகிறது என்று பார்த்து, அத்தனை பேரையும் அழைக்க வேண்டும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட வேண்டும். அந்த மாணவிக்கு என்ன பதில் கிடைத்தது என்பதையும் அதே மேடையில் சொல்ல வேண்டும்.

மண்டல அளவில் வருடத்துக்கு ஒரு நாள் கூடுவது நல்லதுதான். ஆனால் அங்கன்வாடி டீச்சரும் நர்சம்மாவும் தலைமையாசிரியரும் கூடிப் பேச வேண்டிய இடம் அவரவர் ஊர். அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் குழந்தைகளின் பிரதிநிதிகள் இருவருக்கும் இடம் உண்டு. பல ஊர்களில் அது பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை நடக்கிறது, அதில் உங்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். நம் ஊர்க் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, அதில் உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள் யார், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.