கோப்புறைபோல விரிவதெல்லாம் கோப்புறை அன்று

ஜிப் போன்ற சுருக்கக் கோப்பு ஒன்றைச் சொடுக்கியதும் அது வழக்கமான கோப்புறையைப் போலவே விரிவதால், அதை உண்மையான கோப்புறையாகவே கொண்டு உள்ளிருந்தபடியே வேலை செய்யலாம் என்னும் நம்பிக்கை கணினிப் பயனரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இந்நம்பிக்கை பிழையானது என்பதோடு, பலருடைய உழைப்பையும் காவு கொள்வது.

இக்காட்சியை அமைத்துத் தருவது மெய்நிகர் கோப்பு முறைமை, அதாவது வட்டில் தனித்தனியே இல்லாத கோப்புகளை இருப்பனபோலக் காட்டும் இடைநிலை மென்பொருள் அடுக்காகும். ஃபில் காட்ஸ் 1989இல் வெளியிட்ட ஜிப் வடிவத்தில் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் இறுதியில் வைக்கப்பட்டிருப்பதால், அப்பகுதியை மட்டும் படித்தே ஆயிரம் பெயர்களையும் நொடியில் காட்டிவிட முடிகிறது. இந்த விரைவே நம்பிக்கைக்கு உரமிடுகிறது. ஆனால், கண்ணுக்குத் தெரிவது பட்டியலே. ஆவணம் இன்னும் சுருங்கிய நிலையிலேயே கிடக்கிறது. விண்டோஸில் ஜிப்பினுள் இருக்கும் ஆவணத்தைத் திறக்கும்போது அதன் நகலொன்று தற்காலிகக் கோப்புறையில் விரிக்கப்பட்டு, அந்த நகலே திரைக்கு வருகிறது. அதில் செய்த திருத்தம் தானாக ஜிப்புக்குத் திரும்பிச் செல்வதில்லை. தற்காலிகக் கோப்புறையிலேயே அது சேமிக்கப்பட்டால், அவ்விடம் துப்புரவாக்கப்படும் நாளில் ஒருவருடைய மாலைநேர உழைப்பு முழுவதும் சுவடின்றிப் போய்விடுகிறது.

காந்த நாடாவுக்கென உருவாகி 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வந்த டார் வடிவத்திலோ அத்தகைய மையப் பட்டியலே இல்லை; அதை ஜிஜிப் என்னும் சுருக்கும் நிரல் கொண்டு ஒரே தொடராகச் சுருக்கிவிட்டால், கடைசிக் கோப்பை எடுப்பதற்கும் முதலிலிருந்தே விரித்துவர வேண்டும். மிகேல் தெ இகாசா 1994இல் தொடங்கிய மிட்நைட் கமாண்டர் என்னும் கோப்பு மேலாளர், டார் கோப்பினுள் படிக்க மட்டுமே இசைவு தந்து எழுத மறுப்பது குறையன்று, நேர்மை.

சுருக்கக் கோப்பினுள்ளேயே திருத்த இயலாமை செயலாக்கக் குறையே, நல்ல நிரல் எழுதினால் நீங்கிவிடும் என்று வாதிடுவோர் உண்டு. ஓர் எழுத்தை மாற்றினாலும் சுருங்கிய பகுதியின் நீளம் மாறக்கூடும் என்பதையும், அவ்வாறு மாறினால் பின்னுள்ளவற்றின் இடங்களும் பட்டியலும் மாற வேண்டியிருப்பதால் பெரும்பாலான மென்பொருள்கள் கோப்பு முழுவதையும் மறுபடி எழுதுகின்றன என்பதையும் அவர்கள் கருதிப் பார்ப்பதில்லை. சுருக்கிய கோப்பு முறைமையாகவே வடிவமைக்கப்பட்டு 2009இல் லினக்ஸ் கருநிரலில் இடம்பெற்ற ஸ்குவாஷ்எஃப்எஸ் கூடப் படிப்பதற்கு மட்டுமே உரியதாக ஆக்கப்பட்டிருப்பது அவ்வாதத்துக்குப் போதிய மறுப்பாகும்.

பழி பயனர்மீது விழுவது அநீதி. கோப்புறையின் மஞ்சள் உருவத்தையே ஜிப்புக்கும் சூட்டி வேறுபாட்டை மறைத்தவர்களே இதற்குப் பொறுப்பாவர். உள்ளே இருப்பதைப் பார்ப்பதற்கு இவ்வசதி மிகச் சிறந்தது. திருத்த வேண்டியதை வெளியே விரித்தெடுத்த பின்னரே பயனர் திருத்த வேண்டும், மென்பொருள் வடிவமைப்போரும் சேமிக்க இயலாத இடத்தில் அதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லித் தடுக்க வேண்டும்.