தொப்பூர் மலை ஏறாத மாமாவின் லாரி... இன்ஜினைப் பிரிக்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்!

நாமக்கல்லில் இருக்கும் என் மாமாவுக்குச் சொந்தமாக ஒரு லாரி உண்டு. ஒரே லாரி. வயது 19. போன ஐப்பசியிலிருந்து அதற்கு ஒரு வியாதி. லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் பக்கம் கிளம்பினால், சேலம் தாண்டியதும் சோர்ந்துவிடும். தொப்பூர் மலையில் முதல் கியரில் ஊர்ந்துதான் ஏறும். பின்னால் வரும் வண்டிகளின் ஹாரன் சத்தத்தில் மாமாவின் சட்டை நனைந்துவிடும்.

"புல்லிங்கே இல்லீங்க" என்று ஒரு பட்டறையில் காட்டினார். "இன்ஜினை இறக்கிப் பிரிச்சாத்தான் ஆகும். லட்சத்துக்கு மேல ஆகும்" என்றார்கள். அத்தை பேசாமல் தன் வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்தார். அன்று தீபாவளி லீவில் நானும் அங்கே இருந்தேன்.

வளையல் அடகுக் கடைக்குப் போவதற்கு முன்னால், எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போனோம். 40 வருடம் டீசல் வண்டிகளோடு வாழ்ந்தவர். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "வண்டியைப் பிரிக்கறதுக்கு முன்னால அதுகிட்ட நாலு கேள்வி கேட்கோணும் அம்மிணி" என்றார். நான் எண்ணிப் பார்த்தேன், ஐந்து இருந்தது.

1. புகை என்ன நிறம்?

கறுப்புப் புகை என்றால் டீசல் வருகிறது, அதை எரிக்கப் போதுமான காற்று இல்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டர்போவிலிருந்து வரும் ஹோஸ் கிழிந்திருக்கலாம். நாசில் கெட்டிருந்தாலும் கறுப்பாக வரும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ஓடிச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால், டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. புகையே இல்லாமல் சக்தி மட்டும் குறைந்தால்? பெரும்பாலும் இன்ஜினுக்கு டீசல் போதவில்லை.

மாமாவின் வண்டியில் புகை இல்லை.

2. மிதி முழுசாகப் போகிறதா?

ஒருவர் ஆக்சிலேட்டரை அடி வரை மிதிக்க, இன்னொருவர் டீசல் பம்பில் இருக்கும் லீவரைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது செய்தால் போதும். லீவர் கடைசி வரை போய் முட்டவில்லை என்றால், இடையில் இருக்கும் கம்பியோ கேபிளோ தளர்ந்திருக்கிறது. இங்கே சரியாக முட்டியது.

3. இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லையா?

சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அதற்கு இன்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை.

4. எதாவது பிடித்து இழுக்கிறதா?

கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் டிரம் அருகிலும் கையைக் கொண்டுபோக வேண்டும். தொடக் கூடாது, சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் விடுபடாமல் நிற்கிறது.

5. எப்போது ஆரம்பிக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் மாமா யோசித்தார். "கிளம்பறப்போ நல்லாத்தானுங்க இருக்குது. ஒரு மணி நேரம் ஓடுனா சோர்ந்துபோகுது. டீ குடிச்சிட்டு வந்தா மறுபடி நல்லா இழுக்குது."

மெக்கானிக் சிரித்தார். "தேஞ்ச இன்ஜின் டீ குடிச்சா சரியாகுமுங்களா? நாளைக்கு லோடோட போலாம், நானும் வர்றேன்."

மறுநாள் ஜவ்வரிசி மூட்டைகளோடு கிளம்பினோம். சேலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி சோர ஆரம்பித்தது. மலை ஏறுவதற்கு முன்பே, லாரிகள் நிற்கும் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னார். டீ குடிக்க விடவில்லை. நேராகப் போய் டீசல் டேங்க் மூடியைத் திருகினார்.

'உஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம்!

மூடிக்குக் கீழே ஒரு கனமான பாலிதீன் கவர். மழைக்காலத்தில் மூடியின் வாஷர் வெடித்து, வளைவுகளில் டீசல் சிந்தியிருக்கிறது. கிளீனர் தம்பி கவரை வைத்து இறுக்கித் திருகிவிட்டார். மாமாதான் "பலே" என்று பாராட்டியவர்.

"வீட்ல எண்ணெய் டின்னை உடைக்கறப்போ ரெண்டு ஓட்டை போடறீங்கல்ல? எண்ணெய் வர ஒண்ணு, காத்து போக ஒண்ணு. இந்த மூடியில இருக்கற சின்ன ஓட்டை அந்த ரெண்டாவது ஓட்டை" என்றார் மெக்கானிக். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, ஃபீட் பம்ப்பால் டீசலை இழுக்க முடியாது. வண்டி நிற்கும் நேரத்தில் காற்று மெதுவாகக் கசிந்து உள்ளே போய்விடும். டீயின் மகிமை அவ்வளவுதான்!

கவரை எடுத்தார். தொப்பூர் மலையை வண்டி இரண்டாம் கியருக்குக் கீழே இறங்காமல் ஏறியது. திரும்பி வந்ததும் புது மூடி, டீசல் ஃபில்டர்கள் மாற்றியதோடு வேலை முடிந்தது.

எல்லா வண்டிக்கும் இவ்வளவு மலிவாக முடியாது. நீலப் புகை, ஆயில் குறைவது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருவது... இவையெல்லாம் இருந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ் 6 வண்டிகளில் கோளாறு வந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், ஸ்கேனர் காரணத்தைக் காட்டும். பழைய வண்டிக்கு அந்த வசதி இல்லை. அதற்கு ஸ்கேனர், ஓட்டுபவரின் ஞாபகம்தான். எப்போது, எந்த இடத்தில், லோடோடா காலியாகவா, புகை உண்டா என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.

அத்தை வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டார். கிளீனர் தம்பிக்குத் திட்டு விழுமோ என்று பார்த்தேன். மாமா அவரிடம் சொன்னது இதுதான்: "இனி எதையாவது அடைச்சா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு சாமி. நானும் பாராட்டறதுக்கு முன்னால யோசிக்கிறேன்!"