நார்வே கற்பிக்கும் பாடம்

2025-ஆம் வருஷம் ஸெப்டம்பர் 14-ந் தேதி பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரில் ஆடவருக்கான அயர்ன்மேன் உலகப் பந்தயம் நடைபெற்றது. காஸ்பர் ஸ்டோர்னெஸ் முதலாவதாகவும், குஸ்தாவ் ஈடன் இரண்டாவதாகவும், கிறிஸ்தியான் புளூமென்ஃபெல்ட் மூன்றாவதாகவும் வந்தனர். மூவரும் நார்வே தேசத்தார். மூவரும் பெர்கன் என்ற ஒரே நகரத்துப் பிள்ளைகள். அடுத்த மாதம் ஹவாய்த் தீவின் கோனாவில் பெண்களுக்கான பந்தயம் நடந்தது. அதில் ஜயித்த ஸோல்வைக் லோவ்ஸெத் என்ற வீராங்கனையும் நார்வேயைச் சேர்ந்தவரே. அத்தேசத்தின் ஜனத்தொகை ஏறக்குறைய 55 லட்சந்தான். அங்கே குளிர் நெடியது. பெர்கனிலோ ஓயாத மழை. அத்தகைய இடத்திலிருந்து இவ்வளவு பெரிய வெற்றி எப்படி வந்தது என்று பல தேசத்தாரும் வியந்து கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் தவறான விடையைப் பற்றிக்கொண்டு அதன்படி நடந்தால் கெடுவது வாலிபர்களின் தேகமாகும். ஆதலின் இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்வது அவசியம் என்று கருதுகிறோம்.

ட்ரையத்லான் என்பது நீந்துதல், சைக்கிள் ஓட்டுதல், ஓடுதல் என்ற மூன்றையும் இடையே ஓய்வின்றி ஒரே மூச்சில் செய்து முடிக்கும் பந்தயம். 2000-ஆம் வருஷம் ஸிட்னியில்தான் இது முதன்முறையாக ஒலிம்பிக் பந்தயங்களில் இடம் பெற்றது. அங்கே வீரர் 1,500 மீட்டர் நீந்தி, 40 கிலோமீட்டர் சைக்கிளில் சென்று, 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். அயர்ன்மேன் இதனினும் கடுமையானது. நீச்சல் சுமார் 3.8 கிலோமீட்டர், சைக்கிள் 180 கிலோமீட்டர், அதன் மேல் ஒரு முழு மாரத்தான் ஓட்டம். நீஸ் நகரில் வென்ற ஸ்டோர்னெஸுக்கு 7 மணி 51 நிமிஷங்கள் ஆயின. இத்தகைய பந்தயத்துக்கு இரண்டு மாதம் முன்னதாக விழித்தெழுந்து தயாராக முடியுமா? ஒன்றைப் பழகும்போது மற்றொன்று மங்கும். மூன்றையும் மங்காமல் காப்பதற்குப் பன்னிரண்டு மாதமும் போதாதென்றே சொல்லலாம்.

ஆயினும், வருஷம் முழுவதும் பயிற்சி என்றால் வருஷம் முழுவதும் உடலை வருத்துவது என்று எண்ணுவது பெரும் பிழை. உழவன் ஒரே வயலில் இடைவிடாமல் உழுதுகொண்டிருப்பதில்லை. உழவுக்கு ஒரு காலம், விதைப்புக்கு ஒரு காலம், அறுவடைக்கு ஒரு காலம், நிலத்தை ஆறப்போட ஒரு காலம் என்று வகுத்திருக்கிறான். தேர்ந்த பயிற்சி ஆசிரியரும் அப்படியே செய்கிறார். கடைசிப் பந்தயம் முடிந்ததும் சில வாரம் ஓய்வு. பிறகு பல மாதம் நிதானமான நெடும்பயிற்சி. அதன் பின் வேகம். பந்தயம் நெருங்கும்போது, எல்லாரும் அதிகமாகச் செய்யத் துடிக்கும் அந்தச் சமயத்தில், பளுவைக் குறைத்தல். நார்வேயில் நீண்ட காலமாக ஆராய்ச்சி செய்துவரும் ஸ்டீபன் ஸைலர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, நெடுந்தூரப் பந்தய வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்து, அதில் ஏறக்குறைய 80 சதவிகிதம் இலேசான வேகத்தில் செய்யப்படுவதே என்று எடுத்துக்காட்டினார். உலகத்தில் மிக வேகமாகச் செல்கிறவர்கள் தங்கள் பயிற்சி நாட்களில் பெரும் பகுதியை மெதுவாகவே செல்வதில் கழிக்கின்றனர்!

நார்வே வீரர்களின் முறையில் யாவர் கண்ணையும் கவர்ந்தது ரத்தப் பரிசோதனை. பயிற்சியின் நடுவே வீரரை நிறுத்தி, காது மடலிலோ விரல் நுனியிலோ ஊசியால் குத்தி, ஒரு துளி ரத்தம் எடுத்து, அதில் லாக்டேட் என்ற பொருள் எவ்வளவு என்று அங்கேயே அளக்கிறார்கள். உடல் வரம்பு மீறி உழைக்கும்போது அது ஏறும். உயரமான மலைப் பிரதேசங்களில், முக்கியமாக ஸ்பெயினின் ஸியரா நெவாடாவில், வாரக்கணக்காகத் தங்கிப் பயிற்சி செய்யும்போதும் இந்த அளவை விடுவதில்லை. இதைக் கேள்விப்பட்டவர் பலர், வீரரை மேலும் மேலும் விரட்டுவதற்கு இது ஒரு கருவி என்று நினைக்கின்றனர். உண்மை இதற்கு நேர் எதிரானது. எண் ஏறினால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுகிறார் ஆசிரியர். அந்தக் கருவி குதிரைக்குச் சாட்டையாக வந்ததன்று, கடிவாளமாக வந்தது. கடிவாளத்தை வாங்கிச் சாட்டையாக வீசுகிறவர் நார்வேயைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

கருவியைக் கடையில் வாங்கலாம். கடையில் கிடைக்காதது எது? குழந்தைப் பருவத்தை அத்தேசத்தார் நடத்தும் விதம். நார்வே விளையாட்டுச் சம்மேளனம் 1987-ஆம் வருஷத்திலேயே குழந்தைகளுக்கு விளையாட்டில் உள்ள உரிமைகளை வகுத்தது. அங்கே குழந்தைக்கு 11 வயது ஆகும் வருஷம் வரையில் பந்தய முடிவுகளை வரிசைப்படுத்தி வெளியிடலாகாது. 13 வயது ஆகும் வருஷத்துக்கு முன் தேசியச் சாம்பியன் பந்தயங்களில் இறக்கலாகாது. முதலாவது யார், கடைசி யார் என்ற கணக்கில்லாமல் பல விளையாட்டுகளையும் ஆடிப் பழகிய பிள்ளைகளிலிருந்துதான் உலகத்தின் முதல் வீரர்கள் தோன்றுகின்றனர். ஏழு வயதுப் பாலகன் கழுத்தில் மெடல் தொங்கவில்லையே என்று கலங்கும் பெற்றோர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

அடுத்தது பொறுமை. புளூமென்ஃபெல்ட் 2016-ல் ரியோ ஒலிம்பிக் பந்தயத்தில் 13-ஆவது வந்தார். அவரை யாரும் கைவிடவில்லை. ஆரில்ட் ட்வைட்டன் என்ற ஆசிரியரின் கீழ் அதே குழு அதே வழியில் உழைத்தது. 2018-ல் பெர்முடாவில் நடந்த உலக வரிசைப் பந்தயத்தில் ஸ்டோர்னெஸ், புளூமென்ஃபெல்ட், ஈடன் மூவரும் முதல் மூன்று இடங்களைப் பிடித்தனர். 2021-ல் தோக்கியோவில் புளூமென்ஃபெல்ட் 1 மணி 45 நிமிஷம் 4 விநாடியில் தங்க மெடல் பெற்றார். நீஸ் நகரத்து மேடையில் நின்றவர்கள் திடீரென்று முளைத்தவர்களல்லர். பெர்முடாவின் மேடையில் நின்ற அதே மூவர், ஏழு வருஷங்களுக்குப் பின்!

நார்வே செல்வம் மிகுந்த நாடு, எண்ணெய்ப் பணம் இருக்கிறது, ஆதலால் எதுவும் செய்யலாம் என்பார் சிலர். செல்வம் உதவுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் செல்வம் மட்டும் மெடல் தருமாயின், 1988-ல் கல்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் அதே நார்வே ஒரு தங்கம்கூட இல்லாமல் திரும்பியதேன்? அத்தோல்விக்குப் பின் ஒலிம்பியாடாப்பன் என்ற ஸ்தாபனத்தின் மூலம் எல்லா விளையாட்டுகளின் ஆசிரியர்களும் தாங்கள் கற்றதை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளலாயினர். 1994-ல் லில்லஹாமரில் 10 தங்கம் வந்தன. பணம் இருந்தது, அதனோடு அறிவைப் பூட்டி வைக்காத பழக்கமும் சேர்ந்தது.

இம்முறை தவறாத மந்திரம் என்றும் நாம் சொல்லவில்லை. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் பிரிட்டனின் அலெக்ஸ் யீக்குப் போயிற்று. புளூமென்ஃபெல்ட் 12-ஆவதாகவே வந்தார். எட்டு மணி நேரப் பந்தயத்துக்குப் பழக்கிய உடலை இரண்டு மணிக்குள் முடியும் பந்தயத்துக்குத் திருப்புவது எளிதன்று. அளவுகோல்கள் எத்தனை இருந்தாலும் மனித உடல் கடிகாரமாகிவிடாது. ஆனால் அந்தத் தோல்வியைக் கண்டு எல்லாவற்றையும் கலைத்திருந்தால் அடுத்த வருஷம் நீஸ் வெற்றி ஏது?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. இப்பந்தயத்தில் உடல் இலேசாக இருந்தால் மேடு ஏறவும் ஓடவும் எளிது. ஆகவே உணவைக் குறைக்கும் ஆசை வீரருக்கும் வரும், ஆசிரியருக்கும் வரும். உழைப்புக்குத் தக்க உணவு இல்லாவிடில் எலும்பு தளரும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும், மனமும் சோரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள் 2014-ஆம் வருஷத்திலேயே இதற்கு ஒரு பெயரிட்டு உலகத்துக்கு எச்சரிக்கை செய்தனர். இக்குறி தோன்றும்போது அதைக் கண்டுகொண்டு, 'இன்று வேண்டாம், வீட்டுக்குப் போ' என்று சொல்லக்கூடியவரே ஆசிரியர். வீரரின் முகத்தையே காணாமல் டெலிபோன் வழியே எண்களை மட்டும் அனுப்பி வாங்கும் பயிற்சியில் இதைக் கண்டுகொள்வது அரிது.

2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் அடுத்த ஒலிம்பிக் வருகிறது. எந்தத் தேசமாயினும், அதன் விளையாட்டுச் சங்கத்தார் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். பயிற்சி ஆசிரியருக்கு ஒரு பந்தயத்தின் முடிவைப் பார்த்துச் சம்பளம் தராமல், பல வருஷங்களுக்கு நிலையான வேலை தர வேண்டும். சிறுவர்களை வரிசைப் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும். பயிற்சியை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை, மெடலில் ஆசையில்லாத ஒரு வைத்தியரிடம் ஒப்படைக்க வேண்டும். இவற்றுக்குப் பெரும் பொக்கிஷம் தேவையில்லை. அவசரப்படாத மனமே தேவை. ஊசியையும் எந்திரத்தையும் மட்டும் இறக்குமதி செய்து, பொறுமையைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வருவோர் பெறப்போவது மெடலன்று; ஒடிந்த எலும்பும் இருபது வயதில் விளையாட்டையே வெறுத்து விலகும் வாலிபர்களுமே.