திரைக் கயிறு

மழை விடுமுறை என்று ஒன்று விடுகிறார்களே, அதைப் பேசாமல் வெயில் விடுமுறை என்றே அறிவித்துவிடலாம். செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் என் மகளின் செல்பேசி நாலு முறை துள்ளியது. பள்ளிகளுக்கு லீவு. தெருவில் தண்ணீர் நிற்கும், பால் வராது என்று பயந்து முந்தின இரவே நான் ரெண்டு பாக்கெட் கூடுதலாக வாங்கி வைத்திருந்தேன். ஒன்பது மணிக்கு எட்டிப் பார்த்தால் வானம் புளி போட்டுத் தேய்த்த பித்தளைத் தாம்பாளம் மாதிரி மின்னுகிறது. அம்மா மொட்டை மாடியில் மிளகாயைக் காயப் போட்டுவிட்டு வந்து, "நல்ல வெயில்டா தம்பி, சாயந்தரத்துக்குள்ள மொறுமொறுன்னு ஆயிடும்" என்றாள்.

இந்த வாரம் இதைப் பற்றிக் காரசாரமாக ஒரு பிடி பிடிப்பது என்று முடிவு செய்து, தலைப்புகூட யோசித்துவிட்டேன். மனைவிதான் கெடுத்தாள். சாலையெல்லாம் ஆறாக ஓடும் என்று நம்பி ஆபீஸுக்கு லீவு சொல்லியிருந்தவள், வீணாய்ப்போன லீவைப் பார்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். "வெளியில வராத மழை வீட்டுக்குள்ளயாவது வரட்டுமே" என்றாள். அப்படித்தான் நாங்கள் நாலு பேரும் பட்டப்பகலில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு 'சிங்கிங் இன் த ரெய்ன்' பார்த்தோம்.

ஆரம்பமே தகராறு. மஞ்சள் மழைக்கோட்டும் குடையுமாக மூன்று பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து வந்து, சட்டென்று திரும்பிப் பாடுகிறார்கள். அடுத்து பெயர்கள் வர வேண்டும். மகள் ரிமோட்டை எடுத்து ஒரே அழுத்தில் அதைத் தாண்டிவிட்டாள்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தியேட்டரில் கடைசிப் பெயர் ஓடி முடிகிறவரை எழுந்திருக்காத ஜென்மம். விளக்கு போட்டு, துடைப்பத்தோடு ஆள் வந்து காலைத் தூக்கச் சொன்னாலும், தூக்கிக்கொண்டே படிப்பேன். இதை எழுதி எழுதியே, ஒரு வாசகர் எனக்கு 'பேர் பொறுக்கி' என்று பட்டம் கொடுத்துக் கடிதம் போட்டார். பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுத் திரையில் அந்தச் சுகமும் போயிற்று. படம் முடிந்த மறு விநாடி பெயர்ப் பட்டியல் தபால் தலை அளவுக்குச் சுருங்கி மூலைக்குப் போய்விடுகிறது. ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணிக்கொண்டு அடுத்த படம் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. விருந்து சாப்பிட்டவன் சமையல்காரரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வதற்குள் இலையை எடுத்துவிட்டு அடுத்த பந்திக்குத் தண்ணீர் தெளிக்கிற கல்யாண மண்டபம் ஞாபகம் வருகிறது எனக்கு. இதை ஏற்கனவே மூன்று தடவை எழுதிவிட்டேன் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நாலாவது தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பின்னாடி போ" என்றேன். "அப்பா, ப்ளீஸ்" என்றாள். பின்னால் போனாள். பெயர்கள் வந்தன. இயக்கம் ஜீன் கெல்லி, ஸ்டான்லி டோனன். கதை, திரைக்கதை பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன். எல்லாவற்றையும் படித்தேன். நான் தேடிய ஒரு பெயர் வராது என்று தெரிந்தேதான் படித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

1952-இல் எம்.ஜி.எம். எடுத்த படம். கதை நடப்பது 1927-இல். ஊமைப்படம் பேசும்படமாக மாறுகிற சமயம். டான் லாக்வுட் என்ற நட்சத்திரம் கெல்லி. அவருக்கு ஜோடியாக நடித்துப் பெயர் வாங்கிய லீனா லமான்ட்டாக ஜீன் ஹேகன். பார்க்கச் சிலை. வாயைத் திறந்தால் தகரத்தில் ஆணியால் கோடு கிழித்த குரல். பேசும்படம் வந்ததும் ஸ்டுடியோ கிடுகிடுக்கிறது. கேத்தி செல்டன் என்ற புதுப்பெண்ணை, டெபி ரெனால்ட்ஸை, ஒளித்துவைத்து லீனாவுக்குக் குரல் கொடுக்க வைக்கிறார்கள்.

நாலு பேர் பார்த்தோம், நாலு படம் பார்த்தோம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆட்டத்தை மட்டும் பார்த்தாள். கெல்லி வாடகைக் காரை அனுப்பிவிட்டு, விரித்த குடையை மடக்கி, விளக்குக் கம்பத்தில் தாவி ஏறி, கூரைக் குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீரில் முகத்தைக் காட்டி, தேங்கிய தண்ணீரில் சின்னப் பிள்ளை மாதிரி தொபுக் தொபுக்கென்று குதிக்கிறாரே, அங்கே அம்மா சொன்னாள்: "இந்தக் கூத்துக்கு நாளைக்குக் காய்ச்சல்ல விழப்போறான் பாரு."

"விழுந்தாச்சும்மா" என்றேன். அந்தப் பாட்டை எடுத்தபோதே கெல்லிக்கு 103 டிகிரி காய்ச்சல் என்பார்கள். படம் ஓடுவதும் 103 நிமிடம்தான். பகலில் தெரு செட்டுக்கு மேலே கறுப்புத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி ராத்திரியாக்கி, குழாய் வைத்து மழை பெய்வித்தார்கள். சாயங்காலமானால் அக்கம்பக்கத்து வீடுகளில் புல்தரைக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்களாம், செட்டில் மழை மெலிந்துவிடுமாம். இதைச் சொன்னதும் அம்மாவுக்கு ஹாலிவுட் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. எங்கள் குடியிருப்பிலும் ஆறு மணிக்கு அதே கதைதான்.

மனைவியின் ஓட்டு, டானின் நண்பன் காஸ்மோவாக வரும் டொனால்ட் ஓ'கானருக்கு. சுவரில் ஓடி ஏறிக் குட்டிக்கரணம் போடுகிறாரே, அவருக்கு. "கெல்லி ஆடறப்ப, நான் ஆடறேன் பாருங்கன்னு ஒரு சிரிப்பு இருக்கு. இந்த மனுஷன் நம்மளச் சிரிக்க வைக்கணுமேன்னு உசிரைக் குடுக்கறான்" என்றாள். நாள் முழுக்க சிகரெட் பிடிக்கிறவர், அந்த ஒரு பாட்டுக்குப் பிறகு நாள் கணக்கில் படுக்கையில் கிடந்தாராம். ஆனால் கடைசியில் வருகிற நீண்ட பிராட்வே நடனத்தை அவளால் தாங்க முடியவில்லை. "ஓடற படத்தை நிறுத்திட்டு வேற படம் போட்ட மாதிரி இருக்கு" என்று அரிசி களையப் போய்விட்டாள். நான் விடவில்லை. அந்தப் பச்சை உடையில் சிட் சரீஸ் ஒரு வார்த்தை பேசாமல் காலாலேயே ஒரு கதை சொல்லிவிடுகிறார், அதுதான் சினிமா, என்று சமையலறை வாசல்வரை போய் வாதாடினேன். "அந்த டான்ஸ் உங்களுக்கு ஏன் பிடிக்கும்னு எனக்குத் தெரியும்" என்று பதில் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மகள்தான் படம் முழுக்க ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. வசனத்தைப் பிடிக்க மைக்கைப் பூஞ்செடிக்குள் ஒளித்துவைக்க, லீனா தலையைத் திருப்பித் திருப்பிப் பேசி வார்த்தைகளைப் பாதி காற்றில் விடுவாள். பிறகு மைக்கை அவள் நெஞ்சில் வைத்துத் தைக்க, வசனத்துக்குப் பதில் இதயம் திம் திம்மென்று அடிக்கும். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவள் உர்ரென்று இருந்தாள்.

"அந்தக் குரலோட பொறந்தது அவங்க தப்பாப்பா? இத்தனை வருஷம் அவங்க முகத்தை வச்சு எல்லாரும் சம்பாதிச்சாங்க. இப்போ மேடையில ஏத்தி, திரையைத் தூக்கி, ஊர் முன்னாடி அசிங்கப்படுத்துறாங்க. அதுக்கு நீங்க கை தட்டுறீங்க."

"கேத்தியின் பெயரே வெளியில் வரக்கூடாது, காலமெல்லாம் எனக்கே பாட வேண்டும் என்று மிரட்டுகிறாளே, அது சரியா?" என்றேன்.

"அது தப்பு. ஆனா கேத்தியை ஒளிச்சு வைக்கற யோசனை லீனாவோடது இல்ல. அந்த ஆம்பளைங்களோடது."

பதினேழு வயதுக்கு இது கொஞ்சம் அதிகம். பதில் தெரியாத அப்பாக்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். பேச்சை மாற்றினேன். தேடியும் வராது என்று சொன்னேனே, அந்தப் பெயரை எடுத்தேன்.

படத்தில் லீனாவுக்காக கேத்தி 'வுட் யூ' என்ற பாட்டைப் பாடுவாள். மைக் முன்னால் நின்று பாடுகிற டெபியின் முகம் மெல்லக் கரைந்து, வாயசைக்கிற லீனாவின் முகமாகும். திருட்டு எப்படி நடக்கிறது என்று நம் கண் முன்னாலேயே காட்டுகிறார்கள். ஆனால் அங்கே நாம் கேட்பது டெபி ரெனால்ட்ஸின் குரலே இல்லை. பாடியவர் பெட்டி நோய்ஸ் என்ற பாடகி. அதோடு நிற்கவில்லை. லீனாவின் வசனத்தைக் கேத்தி நல்ல உச்சரிப்பில் பேசுவதாக ஒரு காட்சி வருகிறதே, அதில் ஒலிப்பது ஜீன் ஹேகனின் சொந்தக் குரல். நிஜத்தில் அவருக்கு அழகான குரல். கீச்சுக்குரல்தான் நடிப்பு. அதாவது, லீனாவுக்குக் குரல் கொடுக்கும் கேத்திக்குக் குரல் கொடுத்தவர் லீனா. பாட்டு என்று வந்தால் ரெண்டு பேருமே இல்லை.

அம்மாவுக்கு இதை மூன்று தடவை விளக்க வேண்டியிருந்தது. புரிந்ததும் முதலில் கேட்ட கேள்வி: "அந்தப் பாடின பொண்ணு பேரை எழுத்துல போட்டாங்களா?"

போடவில்லை. டிஸ்னியின் 'டம்போ' படத்தில், 1941-இல், அடைபட்ட தாய் யானை தும்பிக்கையை நீட்டிக் குட்டியைத் தாலாட்டுகிறதே, அந்தப் பாட்டும் இதே பெட்டி நோய்ஸ்தான். பாட்டு ஆஸ்கர் பரிந்துரைவரை போனது. அந்தப் படத்திலும் அவர் பெயர் கிடையாது.

அம்மாவால் நம்ப முடியவில்லை. அவள் இலங்கை வானொலியில் வளர்ந்தவள். படம், பாட்டு எழுதியவர், இசை, பாடியவர் என்று நாலையும் சொல்லாமல் ஒரு பாட்டும் அவள் காதுக்கு வந்ததில்லை. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.எஸ். பாடினார் என்பதில் அவளுக்கு ரகசியமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. ஹாலிவுட்டில் அது வெளியில் தெரிந்தால் மானம் போகும் விஷயம்.

மார்னி நிக்ஸன் என்று ஒரு பெண்மணி இருந்தார். 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் (1956) டெபரா கெர், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் (1961) நடாலி வுட், 'மை ஃபேர் லேடி'யில் (1964) ஆட்ரி ஹெப்பர்ன் ஆகிய மூன்று பேருக்கும் பாட்டில் குரல் அவர்தான். மூன்று படத்திலும் பெயர் கிடையாது. வெளியே சொன்னால் இந்த ஊரில் இனிமேல் வேலையே கிடைக்காது என்று மிரட்டியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ரகசியத்தைப் போட்டு உடைத்தவர் டெபரா கெர்ரேதான். எனக்காகப் பாடியது இவர் என்று அவர் வாயாலேயே சொன்னார். நடாலி வுட் கதை வேறு. தன் குரல்தான் படத்தில் வரப்போகிறது என்று நம்பி எல்லாப் பாட்டையும் பாடிப் பதிவு செய்துகொடுத்தார். கடைசியில் எடுத்துவிட்டு நிக்ஸனைப் போட்டார்கள். முகத்துக்கும் ஏமாற்றம், குரலுக்கும் ஏமாற்றம். பாட்டுக்கு உரிமைப்பங்கு இல்லை என்று கைவிரித்தபோது, இசையமைத்த லெனர்ட் பெர்ன்ஸ்டைன் தன் பங்கிலிருந்து கால் சதவீதத்தை நிக்ஸனுக்கு எழுதிக்கொடுத்தார்.

'தி கிங் அண்ட் ஐ'க்கு நிக்ஸனுக்குக் கிடைத்தது 420 டாலர் என்பார்கள். இந்த இடத்தில் எங்கள் வீட்டில் நாலு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தோம். அன்றைக்கு நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம். நானூற்று இருபது என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1965-இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில் கன்னியாஸ்திரீகளில் ஒருவராக நிக்ஸனைத் திரையில் பார்க்கலாம். சொந்த முகம், சொந்தக் குரல். இனிமேல் அந்தப் படத்தைப் போட்டால் மலையையும் புல்வெளியையும் விட்டுவிட்டு அந்த வெள்ளைத் தலைப்பட்டிக்குள் இருக்கும் முகத்தைத் தேடுங்கள். 2016-இல் 86 வயதில் காலமானார். அவரையாவது கடைசியில் உலகம் தெரிந்துகொண்டது. பெட்டி நோய்ஸைத் தெரிந்தவர் எத்தனை பேர்?

நாம் மார்தட்டிக்கொள்ளவும் அதிகம் இல்லை. பாடினவர் பெயரைச் சொல்கிறோம், சரி. பேசினவர் பெயர்? "உனக்குப் பிடிச்ச நடிகைங்களுக்கு யார் பேசினதுன்னு சொல்லு பார்ப்போம்" என்று மனைவியைக் கேட்டேன். '96' படத்தில் த்ரிஷாவுக்குப் பேசியது சின்மயி என்றாள். அவர் ஏற்கனவே பெரிய பாடகி, அதனால் தெரியும். அடுத்த பெயருக்கு யோசித்தாள். குக்கர் மூன்று விசில் அடித்தது. இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

படத்தின் முடிவில் லீனா மேடையில் வாயசைக்க, பின்னால் கேத்தி பாட, டான், காஸ்மோ, முதலாளி மூன்று பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்துத் திரையைத் தூக்குவார்கள். உண்மை வெளியே வந்துவிடும். நாற்பது வருஷமாக நான் கை தட்டிய காட்சி. இந்தத் தடவை கை எழவில்லை. மகள் சொன்ன காரணம் பாதி. அந்தத் திரைக்குப் பின்னால் இன்னொரு திரை இருந்தது, அதற்குக் கயிறு கட்டவே இல்லை என்பது மீதி. அடுத்த காட்சியில் பிரம்மாண்டமான விளம்பரப் பலகையில் லாக்வுட் பெயருக்குப் பக்கத்தில் கேத்தி செல்டன் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கற்பனைப் பெண்ணுக்குப் பலகை வைத்தார்கள். நிஜப் பெண்ணுக்கு ஒரு வரி இல்லை.

படம் முடிந்ததும் மகள் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தாள், அடுத்த படம் வந்து தள்ளாமல் இருக்க. எனக்காகத்தான். ஆனால் பழைய படம், சுபம் போட்டதோடு சரி. "பேரு ஒண்ணும் வரலியேப்பா" என்றாள். ஏமாற்றம் அவளுக்கும்தான்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "அந்தப் பாடினவ பேரு என்ன சொன்ன?"

"பெட்டி நோய்ஸ்."

"பெட்டியா? அதான். உள்ள வச்சுப் பூட்டிட்டானுங்க" என்று மோரை ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் புதன்கிழமை. பள்ளிக்கூடம் உண்டு. காலை ஏழு மணிக்குப் பிடித்த மழை பத்து மணிவரை விடவில்லை. மொட்டை மாடியில் மிளகாய் போச்சு.