154 வாக்குகளில் நழுவிய நாற்காலி: ஒண்டாரியோ ஊராட்சித் தேர்தலும் தமிழர்களும்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 444 ஊராட்சி மன்றங்கள் உள்ளன. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்தின் நான்காவது திங்கட்கிழமையில் அவை அனைத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் நடக்கிறது. அடுத்த தேர்தல் நாள் 2026 அக்டோபர் 26.

குப்பை அகற்றுவது, குடிநீர், சாலை, பூங்கா, நூலகம், தீயணைப்பு, பனிக்காலத்தில் தெருவில் பனியை வாருவது எனக் குடியிருப்பாளரின் வாசல்வரை வரும் வேலைகள் எல்லாம் இந்த மன்றங்களின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்பதை மக்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள்.

ஆனால், வாக்குச்சீட்டு கையில் இருந்தால் மட்டும் போதுமா? டொரோண்டோவின் முதல் தமிழ் மாநகர் மன்ற உறுப்பினருக்கு 2018-இல் நேர்ந்தது அந்தக் கேள்வியை எழுப்புகிறது.

எளிய படிக்கட்டு

ஒண்டாரியோ ஊராட்சித் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரோ சின்னமோ கிடையாது. வேட்பாளரின் பெயர் மட்டுமே இருக்கும். உறுப்பினர் பதவிக்குப் போட்டியிட 100 டாலர் கட்டணம், மேயர் பதவிக்கு 200 டாலர். நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கத் தடை உண்டு. 18 வயது நிரம்பிய கனடியக் குடிமக்கள் வாக்களிக்கலாம். ஊரில் குடியிருப்பவர் மட்டுமல்ல, அங்கே சொந்த இடமோ வாடகை இடமோ வைத்திருப்பவரும் வாக்களிக்கலாம்.

கட்சித் தலைமையின் தயவு இல்லாமல், தெருத்தெருவாக நடந்து வீட்டுக் கதவைத் தட்டி வாக்குக் கேட்கும் ஒருவர் வெற்றி பெற இது வழிவிடுகிறது. 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து போய் ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் அடர்த்தியாகக் குடியேறிய தமிழர்கள் இந்த வழியைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

2006-இல் லோகன் கணபதி மார்க்கம் நகர மன்றத்துக்குத் தேர்வானார். பின்னர் 2018-இல் மாகாண சட்டமன்றத்துக்குப் போனார். யுவனிதா நாதன் பள்ளி வாரிய உறுப்பினராகத் தொடங்கி, 2022-இல் மார்க்கம் நகர மன்ற உறுப்பினராகி, 2025-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். பள்ளி வாரியத்தில் இருந்த பார்த்தி கந்தவேள் 2023 இடைத்தேர்தலில் டொரோண்டோ மாநகர் மன்றத்துக்குள் நுழைந்தார். ஊராட்சித் தேர்தல் நாளிலேயே பள்ளி வாரியத்துக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதால், அதுவே பலருக்கு முதல் படியாக அமைகிறது.

நடுவில் மாறிய எல்லை

நீதன் சாண் 2017 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் டொரோண்டோவின் 42-ஆம் வட்டாரத்தில் வென்றார். அந்த மாநகர் மன்றத்தில் அமர்ந்த முதல் தமிழர் அவர்தான்.

2018 தேர்தல் டொரோண்டோவில் 47 வட்டாரங்களுக்கு நடக்க வேண்டியிருந்தது. வேட்பாளர்கள் மே மாதம் முதலே களத்தில் இருந்தார்கள். வேட்புமனுவுக்குக் கடைசி நாளாக இருந்த ஜூலை 27-ஆம் தேதி, மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் வட்டாரங்களின் எண்ணிக்கையை 25 ஆகக் குறைக்கப் போவதாக அறிவித்தார். ஃபோர்ட் அதே மாநகர் மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். 2014-இல் மேயர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர். ஆகஸ்ட் மாதத்தில் சட்டம் நிறைவேறியது. செலவு குறையும், முடிவுகள் விரைவாக எடுக்கப்படும் என்பது அரசு சொன்ன காரணம்.

செப்டம்பர் 10-ஆம் தேதி நீதிபதி ஒருவர், இது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். ஒன்பது நாட்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அக்டோபர் 22-இல் தேர்தல் 25 வட்டாரங்களுக்கே நடந்தது.

47 வட்டாரங்கள் இருந்திருந்தால் ஓர் உறுப்பினருக்கு ஏறக்குறைய 60,000 மக்கள். 25 ஆனதும் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. நீதன் சாண் வென்ற பழைய வட்டாரம் இல்லாமல் போனது. புதிய ஸ்கார்பரோ-ரூஜ் பார்க் வட்டாரத்தில் போட்டியிட்ட அவர் 154 வாக்குகளில் தோற்றார்.

எல்லை மாறாமல் இருந்திருந்தால் அவர் வென்றிருப்பாரா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால், தன்னைத் தேர்ந்தெடுத்த மக்களிடமே மறுபடியும் போய் நிற்கும் வாய்ப்பு அவருக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. ஒரே பகுதியில் சேர்ந்து வாழும் சிறுபான்மைச் சமூகத்துக்குச் சிறிய வட்டாரம்தான் பலம். வட்டாரம் பெருக்கும்போது அந்தப் பலம் கரைந்துவிடும்.

2021 அக்டோபர் 1-இல் கனடிய உச்சநீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் மாகாண அரசின் பக்கம் நின்றது. 1867-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டப்படி ஊராட்சி மன்றங்கள் மாகாணத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. கொடுத்த கை திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம்.

பணமும் அதிகாரமும்

வருமானவரி வசூலிக்கும் உரிமை ஊராட்சி மன்றங்களுக்கு இல்லை. சொத்துவரியே முக்கிய வருமானம். அன்றாடச் செலவுக்குப் பற்றாக்குறை வரவு செலவுத் திட்டம் போடவும் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதனால்தான் 2024-இல் டொரோண்டோ குடியிருப்பாளர்களின் சொத்துவரி 9.5 விழுக்காடு உயர்ந்தது.

2022-இல் மாகாண அரசு மேயருக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தது. மாகாணம் முக்கியம் என்று கருதும் விவகாரங்களில், மன்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஆதரவு இருந்தாலே மேயர் ஒரு துணைச் சட்டத்தை நிறைவேற்றிவிடலாம். பெரும்பான்மை தேவையில்லை. 2025 ஜூன் மாதத்தில் டொரோண்டோ பள்ளி வாரியம் உட்பட நான்கு வாரியங்களை அரசு தன் மேற்பார்வையாளர்களிடம் ஒப்படைத்தது. மக்கள் தேர்ந்தெடுத்த வாரிய உறுப்பினர்களின் முடிவெடுக்கும் அதிகாரம் பறிபோனது.

மக்கள் பக்கமும் குறை உண்டு. 2018-இல் டொரோண்டோவில் 41 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 2022-இல் அது 30 விழுக்காட்டுக்கு இறங்கியது. பத்துப் பேரில் ஏழு பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். 154 வாக்குகளில் முடிவு மாறும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல.

நாம் இழந்தது

மலேசியாவிலும் ஒரு காலத்தில் இந்த உரிமை இருந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. 1957-இல் அந்த மாநகரின் முதல் மேயராக அமர்ந்தவர் டி.எஸ். இராமநாதன். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி நகர மன்றத்தைக் கையில் வைத்திருந்தது.

இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் தேர்தலை மீண்டும் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அதற்கு மாறாக, 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலையே நீக்கிவிட்டது. இன்று நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. தாமானில் கால்வாய் அடைத்துக்கொண்டால் புகார் கொடுக்கலாம். அதைக் கவனிக்காத உறுப்பினரை வாக்களித்து மாற்ற முடியாது.

நீதன் சாண் 2025 செப்டம்பரில் நடந்த இடைத்தேர்தலில், தோற்ற அதே வட்டாரத்தில் வென்று மாநகர் மன்றத்துக்குத் திரும்பினார். ஏழு ஆண்டுகள் ஆனாலும் மக்களிடம் மறுபடி போய்க் கேட்க அங்கே ஒரு வழி இருந்தது. நமக்கு அந்த வழியே அடைபட்டிருக்கிறது.

ஆனால், ஊராட்சித் தேர்தல் வேண்டும் என்று கேட்பவர்கள் வாக்குப்பெட்டியை மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. ஒரு வட்டாரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், அதன் எல்லையை யார் வரைவது, தேர்தல் நெருங்கும்போது அதை மாற்ற முடியுமா என்பவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். தோட்டத்திலிருந்து வெளியேறி நகர்ப்புற அடுக்குமாடி வீடுகளில் சிதறி வாழும் தமிழர்களுக்கு, அந்தக் கேள்விகளின் பதிலில்தான் ஊராட்சித் தேர்தலின் பயன் இருக்கிறது.