யார் எழுதிய முகவரி?



"தன்னைத் தாழ்வாக எண்ணுகிறவன் தாழ்ந்து போகிறான், உயர்வாக எண்ணுகிறவன் உயர்ந்துவிடுகிறான், ஆகவே எண்ணத்தை மாற்று, வாழ்வு மாறிவிடும்" என்று உபதேசம் செய்ய ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. கட்டணமும் வாங்கிக்கொள்கிறது! முதற் பாதி மெய்; நாம் மறுக்கவில்லை. தன்னை எளியவன் என்று எண்ணிப் பழகியவன், உழைத்த கூலியைக் கேட்கும்போதுகூடத் தலையைச் சொறிகிறான். உரிமையை உதவியாகக் கேட்கிறான். கண்கூடு. ஆனால், அந்த எண்ணத்தை அவன் நெஞ்சிலே எழுதியவர் யார் என்று கேட்டதும் உபதேசியாரின் வாய் அடைபட்டுவிடுகிறது. எழுதியவனை விட்டுவிட்டு, எழுதப்பட்டவனைப் பார்த்து, "நீயே அழித்துக்கொள்" என்கிறார். விந்தையான நீதியன்றோ இது!

நெடுந்தொலைவு போக வேண்டாம். தாம்பரத்தில் கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள். சானடோரியத்தை அடுத்து வருவது குரோம்பேட்டை. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? 1912-இல் சேம்பர்ஸ் என்னும் வெள்ளையர் அவ்வட்டாரத்தில் தொடங்கிய குரோம் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. குரோமிய உப்பிலே தோலைப் பதப்படுத்திய ஆலையின் பெயர், ஊரின் பெயராயிற்று. இன்று மண அழைப்பிதழ்களில் அந்தப் பெயர் பொன்னெழுத்தில் மின்னுகிறது. அப்படி அச்சிடுவோருள், தோல் தொட்டவன் வீட்டிலே தண்ணீர் குடிக்கமாட்டோம் என்று குலப்பெருமை பேசுவோரும் உண்டு! ஊரின் பெயருக்கு ஒட்டாத தீட்டு, தோலைப் பதனிட்டவன் பிள்ளைக்கு மட்டும் எங்ஙனம் ஒட்டியது?

அதே குரோம்பேட்டையில் நியூ காலனி இருக்கிறது. தாம்பரத்திலே ரயில்வே காலனி இருக்கிறது. அங்கே குடியிருப்போர் தங்கள் முகவரியைக் கூசாமல் சொல்கிறார்கள். சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான். ஆனால், செங்கற்பட்டுச் சாலையை விட்டு இறங்கி, ஏதேனும் ஒரு கிராமத்துக்குள் சென்று, "காலனி எங்கே?" என்று கேளுங்கள். ஊர்த்தெருவிலே நிற்பவரின் விரல், ஊருக்கு வெளியே நீளும். ஒரே சொல்தான்! ஒருவனுக்கு விலாசம், மற்றொருவனுக்கு வடு.

அந்தக் காலனியிலே பிறந்த இளைஞன் படித்துப் பட்டம் பெற்றுப் பட்டணத்தில் வேலை கேட்டு நிற்கிறான். "எந்தப் பக்கம் வீடு?" என்கிறார் எதிரே அமர்ந்திருப்பவர். சாதாரணக் கேள்வி. அவனோ ஊரின் பெயரைச் சொல்லாமல், பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிறான். பொய்யுமன்று, மெய்யுமன்று. வேலை கிடைக்கிறது. உடன் வேலை செய்யும் நண்பனை வீட்டுக்கு அழைக்காமலிருக்க ஆண்டுக்கொரு காரணம் தேடுகிறான். மேற்பதவிக்கு விண்ணப்பம் கேட்கிறார்கள், தகுதி இருந்தும், "நமக்கெதற்கு, நாலு பேர் கண்ணில் படவா?" என்று ஒதுங்கிக்கொள்கிறான். இவனிடம் போய், "உன்னை நம்பு, தம்பி!" என்கிறார் உபதேசியார். அவன் தன்னை நம்பாமலா இத்தனை படித்தான்? எதிரிலிருப்பவரை நம்பமுடியவில்லை, அதற்கு அவனிடம் காரணமும் இருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். உயர்வாக எண்ணினால் உயர்ந்துவிடலாம் என்கிறார்களே, ஆண்ட பரம்பரை என்று தாலாட்டிலேயே ஊட்டி வளர்க்கப்பட்ட சிறுவர்கள் எதைச் சாதித்தார்கள்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள்! மணிக்கட்டில் கட்டிய வண்ணக் கயிறு, அவர்களுடைய சுயமதிப்பின் அளவுகோலாயிற்று. அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைப் பள்ளிகளில் தடுக்க வேண்டுமென்று 2024-இல் பரிந்துரைத்தது. பிறன் தாழ்ந்தாலன்றித் தான் உயர முடியாது என்ற எண்ணத்தைத் தன்னம்பிக்கை என்று எந்த அகராதி சொல்லும்?

"அரசாங்கம் பெயரை மாற்றினால் போதுமா?" என்று கேலி பேசுவோர் உண்டு. 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தபோதும் பேசினார்கள். போதாது, நாமும் அறிவோம். ஆனால், போதாதது வேறு, வேண்டாதது வேறு. பிறந்த குழந்தையையே குற்றவாளிக் கூட்டத்தில் சேர்த்து எழுதிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1871-இல் வந்து, நாடு முழுவதும் நீங்க 1952 ஆயிற்று. எழுத்தை அழித்தாலொழியக் கைரேகை வைக்கும் வரிசையிலிருந்து அந்த மக்கள் விலகியிருக்க முடியுமா?

குரோம்பேட்டைக்கு அடுத்த நிலையம் பல்லாவரம். 1911-இல் கிறித்தவக் கல்லூரி ஆசிரியப் பணியை விட்டு அங்கே குடியேறியவர் வேதாசலம். (கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது பிறகுதான், 1937-இல்.) 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்டு, மறைமலை அடிகள் ஆனார். தம் பெயரை மட்டுமா மாற்றினார்? நடத்திய 'ஞானசாகரம்' இதழும் 'அறிவுக்கடல்' ஆயிற்று. வடமொழி கலவாமல் எழுதவே முடியாது என்று தமிழர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தாழ்வெண்ணத்துக்கு அவர் அளித்த மறுமொழி உபதேசமன்று. எழுதிக் காட்டிய நூல்கள்.

எதிர்த்திசையில், தாம்பரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் செங்கற்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கே கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம் கூடாதென்று தீர்மானித்தது. பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு வேண்டுமென்றது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை அறுபதாண்டு காத்திருந்தது! அன்று பட்டத்தைத் துறந்தோருள், அந்தப் பட்டத்தால் பந்தியிலே முன்வரிசை பெற்றவர்களும் இருந்தார்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தாழ்த்தப்பட்டவனைப் பார்த்து, "நிமிர்ந்து நில்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. அவன் தோளிலிருந்து தாம் இறங்கினார்கள்.

நாம் இறங்கியிருக்கிறோமா? சுவரொட்டியிலே நம் பெயர்கள் பட்டமின்றித்தான் இருக்கின்றன. திருமணத் தரகரின் குறிப்பேட்டிலே? அங்கே பட்டமும் இருக்கிறது, உட்பிரிவும் இருக்கிறது! மேடையில் அறுத்த வாலை மணவறையிலே ஒட்டவைக்கும் வித்தையை நம்மவர் சிலர் நன்றாகவே கற்றிருக்கிறார்கள். பட்டம் துறந்த தந்தையின் மகள், தானாக ஒருவனைத் தேர்ந்து வந்து நின்றதும், "எந்த ஊர்ப் பையன்?" என்று கேட்டுவிட்டு, "ஊரா, காலனியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்கும் தோழர்களும் நம்மிடையே உண்டு.

தை பிறந்தால் தரகர் வருவார். திண்ணையிலே அமர்ந்து, குறிப்பேட்டைப் பிரித்து, முதல் கேள்வியைக் கேட்பார். அதற்கு என்ன விடை வைத்திருக்கிறீர்கள், தோழர்களே?