ஆறுமணிக் குருவியும் என் அவசரமும்

காலை ஐந்தரை மணி. ஆலங்காயத்தில் தோழி வீட்டு வாசலில், ஸ்வெட்டருக்கு மேல் ஷாலும் போர்த்திக்கொண்டு நிற்கிறேன். கழுத்தில் ஆபீஸ் கேமரா. டிவிஎஸ் எக்ஸ்எல்லை ஸ்டார்ட் செய்தார் தோழியின் அப்பா. ஓய்வுபெற்ற ஆசிரியர், 10 வருடங்களாகப் பறவை பார்ப்பவர். "ஏறும்மா, வெளிச்சம் வந்துட்டா அது கத்தாது" என்றார்.

'அது' என்பது ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்துவிடும். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று உடம்பில் அத்தனை நிறம். இந்தியில் 'நவ்ரங்' என்கிறார்கள்.

காவலூர் போகும் மலைச்சாலையில், ஒரு சின்னப் பாலத்தருகே வண்டி நின்றது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழையக் கூடாது. எனவே, சாலையோரம்தான் எங்கள் இடம். புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். குரல்தான் வந்தது, குருவி வரவில்லை.

எனக்குப் பொறுமை ஐந்து நிமிடம்தான். போனில் தயாராக வைத்திருந்த அதே குருவியின் குரலை ஒலிக்கவிட்டேன். அடுத்த நிமிடமே தத்தித் தத்தி வெளியே வந்து, கழுத்தை நீட்டி இங்கும் அங்கும் தேடியது. படபடவென்று எட்டு படங்கள்!

"நல்லா வந்திருக்கா?" என்றார்.

"சூப்பர் அங்கிள்!"

"இன்னொரு குருவி தன் இடத்தைப் பிடிக்க வந்துடுச்சுன்னு சண்டைக்கு ஓடி வருதும்மா. ராத்திரி பூரா பட்டினி. இப்பதான் பூச்சி பொறுக்குற நேரம். லீவு நாள்ல நாலு கார் வருது, எல்லார் கையிலயும் போன் இருக்கு. எத்தனை தடவை ஓடி வரும்?"

அவர் திட்டவில்லை. அதுதான் அதிகம் சுட்டது. போனைப் பைக்குள் போட்டேன்.

பிறகு பாலத்துச் சுவரில் சும்மா உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. அறுவடை முடிந்த சாமைக் கொல்லையில் கரிச்சான், மின்கம்பியில் பனங்காடை, மரக்கிளையில் வால்காக்கை. ஓடையில் வாலை ஆட்டியபடி சாம்பல் வாலாட்டி. அதுவும் குளிர்கால விருந்தாளிதான். இரண்டு மணி நேரத்தில் நோட்டில் 23 வகைகள். கூப்பிட்டு வந்தது ஒன்றுதான். மற்ற 22-ம் தானாக வந்தவை.

திரும்பும் முன் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் வரை போய்வந்தோம். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து இருக்கிறது. மேகம் மூடினால் வானியலாளர்களும் காத்திருக்கத்தான் வேண்டும். எனக்குத்தான் ஐந்து நிமிடம் பொறுக்கவில்லை!

நீங்களும் கிளம்புவதாக இருந்தால், சில குறிப்புகள்: சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஃபோகஸ் பறவையின் கண்ணில். மங்கலான ஆடை நல்லது. ஃபிளாஷ் வேண்டாம், கூட்டின் அருகே போக வேண்டாம், போனில் குரல் வேண்டவே வேண்டாம்.

கேமரா இல்லையா? கவலையே இல்லை. 2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டைமாடியில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, 'ஈபேர்ட்' செயலியில் பதிவுசெய்தால் போதும். குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், காக்கையும் கணக்கில் வரும்.

ஆறுமணிக் குருவி படத்தை இந்த வாரம் போடவில்லை. அதற்குப் பதில் சாம்பல் வாலாட்டி. வால் மட்டும் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். அது ஆட்டிக்கொண்டே இருந்தது, நான் என்ன செய்ய?